நாலடிக்குள் நின்ற ஏரி

மார்ச் கடைசியில் ஒன்டாரியோ ஏரியின் ஓரங்களில் பனிப்பாளம் இளகத் தொடங்கும். ஏரியின் நடுப்பகுதி பெரும்பாலான குளிர்காலங்களில் உறைவதே இல்லை. அத்தனை ஆழம், மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். உறைவதெல்லாம் ஓரத்துச் சிறு விரிகுடாக்களும் ஓடை வாய்களும்தான். அந்த ஓரத்துப் பனிக்கு அடியில் ஒரு பெண் பைக் மீன் கரையைப் பார்த்து நீந்தி வருகிறது. ஒரு கை நீளம் இருக்கும். வாத்தின் அலகைப் போல் தட்டையான வாய். பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பில் அவரை விதை போட்டாற்போல் வெளிர்ப் புள்ளிகள். வயிறு நிறைய முட்டை. கூடவே அதைவிடச் சிறிய ஆண் மீன்கள் இரண்டு மூன்று. கீழே அவ்வளவு ஆழம் கிடக்க, இவை தேடிப் போவது முழங்கால் அளவு நீரை.

பைக்கிற்குத் தமிழில் பெயரில்லை. இருசக்கர வண்டி நினைவுக்கு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் விராலைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் குணம் உடனே பிடிபடும். செடி மறைவில் அசையாமல் நிற்கும், இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் நேர் எதிர். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைவிட்டு அகலாது. தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும், கை வைத்தால் கடிக்க வரும். பைக் முட்டையிட்ட கையோடு போய்விடும். கூடு கட்டுவதில்லை, காவல் இருப்பதில்லை. பிள்ளைகளுக்காக அது செய்யும் ஒரே காரியம், எங்கே முட்டையிடுவது என்று இடம் பார்ப்பதுதான். அந்த இடம் தவறினால் மற்றதெல்லாம் தவறும்.

அது பார்க்கும் இடம், போன இலையுதிர் காலத்தில் தரையாக இருந்து இப்போது நீர் ஏறியிருக்கும் கோரைப் புல்வெளி. காய்ந்து மடிந்த பழைய புல்லின் மேல் சின்ன ஜவ்வரிசி அளவு முட்டைகள் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்வதில்தான் சூட்சுமம். கீழே சேற்றில் விழும் முட்டை மூச்சுத் திணறிச் சாகும்; அழுகும் சேறு ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகிறது. புல் தண்டின் மேல் ஒட்டிய முட்டைக்கு நாலா பக்கமும் தெளிந்த நீர். ஆழம் குறைவு என்பதால் வெயில் அடித்ததும் அந்த நீர் சீக்கிரம் சூடேறும். நேற்றுவரை தரையாக இருந்த இடம் என்பதால் முட்டை தின்னும் மீன்கள் அங்கே குடியேறியிருக்காது. இரண்டு வாரம் போல் ஆகும் பொரிக்க.

பொரித்து வரும் உயிரை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் என்று சொல்லத் தோன்றாது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கண்ணாடி ஊசி. வயிற்றில் மஞ்சள் கரு மூட்டை. வாய் இன்னும் திறக்கவில்லை, நீந்தவும் தெரியாது. தலையில் ஓர் ஒட்டுச் சுரப்பி இருக்கிறது. அதை வைத்துக் கோரைத் தண்டில் ஒட்டிக்கொண்டு, வால் கீழே தொங்க, ஒரு வாரம் பத்து நாள் அப்படியே கிடக்கும். மஞ்சள் கரு தீர்ந்து வாய் திறந்த பிறகுதான் முதல் சாப்பாடு. வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் அப்போது நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் கூட்டம் பொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தின்று நாலைந்து வாரத்தில் விரல் நீளம் வந்ததும் மற்ற மீன் குஞ்சுகளுக்குத் தாவிவிடும். தம்பி தங்கையையும் விட்டுவைக்காது.

இந்த ஒன்றரை இரண்டு மாதங்களில் நீர் செய்ய வேண்டியது இதுதான்: பனி உருகும் வேளையில் புல்வெளிமீது ஏற வேண்டும், குஞ்சு வளரும்வரை திடீரென்று இறங்கிவிடக் கூடாது, பிறகு மெல்ல வடிந்து குஞ்சுகளை ஏரிக்கு அழைத்துப் போக வேண்டும். இவ்வளவையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் யாரும் கேட்காமலே ஏரி செய்துகொண்டிருந்தது.

இனி அந்தப் புல்வெளிக்கு வருவோம். கரையோரத்தில் கோரையும் புல்லும் மட்டும் வளர்ந்து ஒரு வெளி எப்படி வெளியாகவே நீடிக்கிறது? ஏன் அங்கே மரம் முளைத்துக் காடாகிவிடுவதில்லை, அல்லது ஆளுயரச் சம்பு ஏறி மூடிவிடுவதில்லை? விடை, ஏரி மட்டம் நிலையாக நிற்காததில் இருக்கிறது. சில ஆண்டுகள் மழை மிகுந்து நீர் மேலே ஏறும். அப்போது கரையோரப் புதர்களும் மரக்கன்றுகளும் வேர் அழுகிச் சாகும், ஆழத்தில் மாட்டிக்கொண்ட சம்பும் மூழ்கிப்போகும். பத்திருபது ஆண்டுக்கு ஒருமுறை நீர் நன்றாக இறங்கும். அப்போது வெளியே தெரியும் சேற்றில், மண்ணுக்குள் பல்லாண்டுகளாகக் கிடந்த கோரை விதைகளும் புல் விதைகளும் ஒரே சமயத்தில் முளைக்கும். நம் ஊரில் கோடையில் ஏரி வற்றி, மறு மழைக்குள் ஏரிப்படுகை பச்சையாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்டாரியோவில் அந்தச் சுழற்சி ஆண்டுக்கணக்கில் நீண்டு நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏற்றம் ஒரு களையெடுப்பு, இறக்கம் ஒரு விதைப்பு. இரண்டும் வேண்டும்.

மனிதருக்கு இந்த ஏற்றமும் பிடிக்காது, இறக்கமும் பிடிக்காது. கரையில் வீடு கட்டியவருக்கு ஏற்றம் ஆகாது. கப்பல் ஓட்டுபவருக்கு இறக்கம் ஆகாது. மின்சாரம் எடுப்பவருக்கு எது வந்தாலும் சீராக வர வேண்டும்.

ஒன்டாரியோவின் வடகரை கனடா, தென்கரை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். எல்லைக்கோடு ஏரியின் நடுவில் ஓடி, கிழக்கே ஏரியின் வடிகாலான செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் இறங்குகிறது. இரண்டு நாட்டுக்கும் பொதுவான நீருக்கு 1909-இலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். எல்லை நீர் ஒப்பந்தம் என்று பெயர். அதன்படி அமைந்ததுதான் சர்வதேசக் கூட்டு ஆணையம். நாட்டுக்கு மூன்று பேராக ஆறு ஆணையர்கள். காவிரியைப் பற்றிய செய்தி படித்தே வளர்ந்த நமக்கு இந்த ஆணையத்தின் வரலாறு சற்றுப் பொறாமையைத் தரும். நூறாண்டுக்கு மேலாக ஓட்டெடுப்பு நாட்டுவாரியாகப் பிளந்துபோன சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

அந்த ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவு, நீரை எதற்கு முதலில் தர வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. முதலில் குடிநீர், துப்புரவு. அடுத்துக் கப்பல் போக்குவரத்து. அதற்கும் அடுத்து மின்சாரமும் பாசனமும். அதோடு பட்டியல் முடிந்தது. மீன் அதில் இல்லை, சதுப்பு இல்லை. 1909-இல் யாருக்கும் அது குறையாகப் பட்டிருக்காது. சதுப்பு என்றால் கொசு, சேறு, தூர்த்து வயலாக்க வேண்டிய வீண் நிலம். அன்றைய கண் அப்படி.

1952-இல் ஏரி அதுவரை பதிவான எல்லா அளவையும் தாண்டி ஏறியது. தென்கரை வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அந்தச் சமயத்தில்தான் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை ஆழப்படுத்திக் கடல் கப்பல்களை உள்நாட்டுக்குக் கொண்டுவரும் திட்டமும், ஆற்றின் குறுக்கே மின் அணை கட்டும் திட்டமும் உருவாகிக்கொண்டிருந்தன. அணை வந்தால் ஏரியின் வாய் நம் கையில். 1958 ஜூலை 1 அன்று தற்காலிகத் தடுப்பை வெடிவைத்துத் தகர்த்து நீரைப் பெருக்கினார்கள். கனடாப் பக்கம் 6,500 பேரை முன்கூட்டியே வேறிடத்தில் குடியேற்றியிருந்தார்கள். அவர்கள் விட்டுவந்த கிராமங்களை இன்றும் அங்கே 'தொலைந்த கிராமங்கள்' என்கிறார்கள்.

மோசஸ்-சாண்டர்ஸ் என்ற அந்த அணையே ஒரு வேடிக்கை. நாட்டெல்லை அதன் நடுவே போகிறது. மொத்தம் 32 டர்பைன்கள். 16 நியூயார்க்கின் மின்சார வாரியத்துக்கு, 16 கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு. தண்ணீரில் பாதிப் பாதி. இதைவிட ஒழுங்கான பாகப்பிரிவினையை அண்ணன் தம்பிக்குள்கூடப் பார்க்க முடியாது. பக்கத்திலேயே இருக்கிறது மோஹாக் பழங்குடியினரின் அக்வசாஸ்னே. எல்லைக்கோடு அவர்கள் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. ஒரே சமூகத்தின் நிலம் ஒன்டாரியோ, க்யூபெக், நியூயார்க் என்று மூன்று நிர்வாகங்களில் சிதறிக் கிடக்கிறது. அணை வந்தபோது அவர்களுடைய நிலமும் மீன்பிடி இடங்களும் போயின. அந்தப் பாகப்பிரிவினையில் அவர்களுக்குப் பங்கு வைக்கவில்லை.

ஆணையம் ஏரிக்கு ஓர் அளவு குறித்தது. இயன்றவரை நாலடிக்குள், அதாவது சுமார் 1.2 மீட்டருக்குள் மட்டம் நிற்க வேண்டும். அதற்கு முன்பு பதிவாகியிருந்த மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் மிக உயர்ந்த மட்டத்துக்கும் இடைவெளி சுமார் 2 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் 80 சென்டிமீட்டர்தானே குறைந்தது என்று தோன்றும். ஒன்டாரியோவின் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். அதில் ஒரே ஓர் அடி நீர் 200 டி.எம்.சி.க்கு மேல். மேட்டூர் அணையை இரண்டு முறை நிரப்பி மிச்சமும் இருக்கும். அவ்வளவு நீரை ஏறவிடாமல், இறங்கவிடாமல் பிடித்துவைப்பது பொறியியல் சாதனைதான், சந்தேகமில்லை. எந்தப் பருவத்தில் எவ்வளவு திறப்பது என்பதற்கான சூத்திரம் 1958-டி என்ற பெயரில் 1963-இல் நடைமுறைக்கு வந்தது. 1860 முதல் 1954 வரை ஏரிக்கு வந்த நீரை வைத்து அந்தச் சூத்திரத்தைப் போட்டிருந்தார்கள். வருங்காலமும் அந்த ஆண்டுகளைப் போலவே நடந்துகொள்ளும் என்று நம்பிவிட்டார்கள்.

இங்கே நான் சற்று நின்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லை தாண்டிய நீர் பற்றிய கதைகள் பெரும்பாலும் சண்டைக் கதைகள். நாடுகள் ஒத்துழைக்கவில்லை, அதனால் இயற்கை கெட்டது என்று முடியும். ஒன்டாரியோவில் நடந்தது அதற்குத் தலைகீழ். இரண்டு நாடுகளும் ஒத்துழைத்தன, மிக நன்றாகவே ஒத்துழைத்தன. அந்த ஒத்துழைப்புதான் சதுப்பைக் கெடுத்தது. ஏரியை அசையாமல் பிடித்துவைக்கத் தனி ஒரு நாட்டால் முடிந்திருக்காது.

கெட்டது ஒரே நாளில் இல்லை. 1930களில் ஏரி நன்றாக இறங்கியிருந்தது. 1960களின் நடுவில் இன்னொரு முறை. அதற்குப் பிறகு அப்படி இறங்க விடவில்லை. விதைப்பு நின்றது. ஏற்றமும் மட்டுப்பட்டதால் களையெடுப்பும் நின்றது. அந்த இடைவெளியில் சம்பு புகுந்தது. அங்கே அகன்ற இலைச் சம்பு, ஒடுங்கிய இலைச் சம்பு என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் கலந்து பிறந்த கலப்பினம் ஒன்று தாய் தகப்பன் இருவரையும் மிஞ்சியது. இரண்டரை மூன்று மீட்டர் உயரம் போகும், வேர்த்தண்டு மூலம் பக்கவாட்டில் பரவும். நீர் மட்டம் மாறாத இடம் அதற்குச் சொர்க்கம். காய்ந்த சம்பு ஆண்டுக்கு ஆண்டு மடிந்து விழுந்து மெத்தை மெத்தையாகச் சேரும். அந்த மெத்தைக்கு அடியில் வெளிச்சம் போகாது, வேறு விதை முளைக்காது. மீன் நுழையவும் வழியில்லை.

டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே போகிறவர்கள் ரூஜ் ஆறு ஏரியில் சேரும் இடத்துக்கு ஒரு மாலை போய்வரலாம். கடற்கரைபோல் மணல், அதன் பின்னால் சம்புச் சதுப்பு. பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். சதுப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். பச்சையாக இருப்பதும் நாற்றங்காலாக இருப்பதும் ஒன்றில்லை என்பது படத்தை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அப்படித்தான் செய்தார்கள். இரு கரையிலும் சேர்த்து 32 சதுப்புகளைத் தேர்ந்து, 1950களிலிருந்து விமானத்தில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துச் செடி வகைகளின் எல்லையை வரைந்து பார்த்தார்கள். டக்ளஸ் வில்காக்ஸ் என்ற சதுப்பு ஆய்வாளரும் சகாக்களும் செய்த வேலை. படத்துக்குப் படம் சம்பு கரையை நோக்கி ஏறுகிறது, கோரை வெளி நூலாகச் சுருங்குகிறது. நியூயார்க் கரையிலும் அதே கதை, கனடாக் கரையிலும் அதே கதை. நிலத்தின் சட்டம் வேறு, விவசாய முறை வேறு, நகரங்கள் வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது நீர் மட்டம் ஒன்றுதான்.

மீன் என்ன செய்தது? செயின்ட் லாரன்ஸின் மேல்பகுதியில், ஆயிரம் தீவுகள் எனப்படும் வட்டாரத்தில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்று பல பத்தாண்டுகளாகப் பைக்கையும் அதன் பெரிய உறவினரான மஸ்கியையும் பின்தொடர்கிறது. ஜான் ஃபாரெல் தலைமையில் அவர்கள் கண்டது: புல்வெளிக்குப் போக முடியாத பைக்குகள் காத்திருந்து, காலம் தாழ்ந்து, விரிகுடாக்களின் உள்ளே சில மீட்டர் ஆழத்தில் நீர்ப்பாசிமேல் முட்டையிடுகின்றன. முட்டை நிறைய. குஞ்சு மிகக் குறைவு. இது தாயின் பிழையில்லை. பனி உருகும் வேளையில் பழைய சூத்திரப்படி ஏரி இன்னும் தாழ்வாகவே இருக்கும். வசந்த வெள்ளத்துக்கு இடம் விடுவதற்காகக் குளிர்காலத்தில் இறக்கி வைத்திருப்பார்கள். நீர் ஏறும்போது பைக்கின் நாள் கடந்திருக்கும்.

அந்தக் குளிர்கால இறக்கத்தில் இன்னொரு பிராணியும் மாட்டிக்கொண்டது. மஸ்க்ராட் என்பது முயலைவிடச் சின்ன, அடர்ந்த மயிருள்ள நீர் எலி. சம்பின் வேர்த்தண்டுதான் அதன் சோறு, சம்பின் தண்டுதான் அதன் வீட்டுக்கு மரம். இலையுதிர் காலத்தில் நீருக்கு நடுவே சம்புக் குவியலாக வீடு கட்டும். வாசல் நீருக்கு அடியில். குளிர்காலத்தில் நீரை இறக்கினால் வாசல் வெளியே தெரியும், பனி உள்ளே புகும், நரியும் புகும். மஸ்க்ராட் குறைந்தது. அது தின்று தின்று சம்புக்கு நடுவே ஏற்படுத்திய திட்டுகளும் கால்வாய்களும் அடைந்துபோயின. அந்தக் கால்வாய்கள் வழியாகத்தான் பைக் புல்வெளிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓர் எலியின் வீட்டு வாசலும் ஒரு மீனின் பிரசவ அறையும் இப்படிப் பிணைந்திருக்கும் என்று அணை கட்டியவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பழுது பார்க்கும் வேலை இந்த எலியைக் காப்பியடித்துத்தான் தொடங்கியது. நியூயார்க் பக்கம் பிரெஞ்ச் க்ரீக் போன்ற ஓடை வாய்களில், சேற்றில் மிதந்து நகரும் பொக்லைன்களைக் கொண்டுவந்து சம்பு மெத்தையை வெட்டி, வளைந்து வளைந்து போகும் கால்வாய்களும் அவற்றின் முனையில் ஆழமற்ற குட்டைகளும் தோண்டினார்கள். நேர்க்கோட்டில் வெட்டினால் வேலை சுலபம். மீனுக்கு விளிம்புதான் வேண்டும், வளைந்தால்தான் விளிம்பு நீளும். குட்டை ஏரியோடு இணைந்திருப்பதும் முக்கியம். இணைப்பு அறுந்த குட்டையில் முட்டை பொரிக்கும், குஞ்சு வளரும், கோடையில் மொத்தமாகக் காய்ந்து போகும். ராச்செஸ்டர் அருகே பிராடக் விரிகுடாவில் அலை அரித்துப்போன தடுப்பு மணல்திட்டையே ராணுவப் பொறியாளர் பிரிவு கல்போட்டு மீண்டும் எழுப்பியது. அந்தத் தடுப்பு இல்லாமல் பின்னாலுள்ள சதுப்பு அலையில் கரைந்துகொண்டிருந்தது.

கனடாப் பக்கத்தில் எனக்குப் பிடித்தது ஹாமில்டன் நகரின் கூட்ஸ் பாரடைஸ். ஏரியின் மேற்கு முனையில் உள்ள பெரிய சதுப்பு. பெயரில் சொர்க்கம் இருந்தும் 1985 வாக்கில் அதன் தாவரப் போர்வையில் 85 சதவீதம் போய்விட்டிருந்தது. நீர் மட்டம், நகரச் சாக்கடை என்று காரணம் பல. முக்கியமான எதிரி சாதாக் கெண்டை. நம் ஊர்ப் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கிறோமே, அதே மீன்தான். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உணவுக்கென்று கொண்டுவந்து விட்டார்கள். சேற்றைக் கிளறித் தின்னும் பழக்கம் அதற்கு. பன்றி புகுந்த தோட்டம்போல் சதுப்பு கலங்கிப்போகும், கலங்கிய நீரில் செடி முளைக்காது.

சதுப்பும் துறைமுகமும் சேரும் கால்வாயின் குறுக்கே ராயல் தாவரவியல் பூங்காவினர் ஒரு கம்பித் தடுப்பைக் கட்டி, 1997 முதல் இயக்கிவருகிறார்கள். கம்பிகளுக்கு இடையே 5 சென்டிமீட்டர். சின்ன மீன் அதன் பாட்டுக்குப் போகும் வரும். பெரிய மீன் வசந்தத்தில் உள்ளே போகப் பார்த்து, வழியில் வைத்திருக்கும் இரும்புக் கூண்டுக்குள் வந்து சேரும். ஊழியர்கள் கூண்டைத் தூக்கி மீன்களைத் தொட்டியில் கொட்டுவார்கள். பிறகு கையால் பிரிப்பதுதான். பைக்கா, சதுப்புப் பக்கம். கெண்டையா, வந்த வழியே துறைமுகப் பக்கம். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாக. இந்த ஒரு வாசலால் சதுப்புக்குள் கெண்டை மிகப் பெரும்பாலும் ஒழிந்தது. சில இடங்களில் செடி திரும்பியது. ஆனால் பாருங்கள், இது நித்திய வேலை. ஒரு வசந்தம் கூண்டைத் தூக்க ஆளில்லை என்றால் கதை பழையபடி ஆகிவிடும்.

தோண்டுவதும் பிரிப்பதும் உள்ளூர் வைத்தியம். இரு கரையிலும் சேர்த்து, மேல் செயின்ட் லாரன்ஸையும் கூட்டினால், சதுப்பு 26,000 ஹெக்டேர். பொக்லைன் வைத்து எத்தனை ஹெக்டேர் வெட்ட முடியும்? வெட்டிய இடத்தை மறுபடி சம்பு மூடாமல் இருக்க ஏரியே ஏறி இறங்க வேண்டும். அதற்கு அணையின் சூத்திரத்தை மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு அரசுகளும் சம்மதிக்க வேண்டும்.

2000-இல் ஆணையம் ஐந்தாண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. கப்பல்காரர்கள், மின்வாரியங்கள், கரைவீட்டுக்காரர்கள், சூழலியலாளர்கள் எல்லாரும் ஒரே மேசையில். மேலே சொன்ன 32 சதுப்புகள் அந்த ஆய்வின் பகுதிதான். 2006-இல் அறிக்கை வந்தது. 2008-இல் ஆணையம் ஒரு புதுத் திட்டத்தை முன்வைத்தது. சதுப்புக்கு அதில் போதிய பலன் இல்லை என்று எதிர்ப்பு வந்து கைவிட்டது. மறுபடி கணக்கு, மறுபடி கூட்டங்கள். கடைசியில் உருவானதற்கு 'திட்டம் 2014' என்று பெயர். 2016 டிசம்பரில்தான் ஆணையம் அதில் கையெழுத்திட்டது, 2017 ஜனவரியில் அமல். மீனுக்குச் சாதகமாக நீர் விடலாமா என்று யோசித்து முடிக்க 16 ஆண்டுகள். இதைக் கேலி செய்யத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மட்டத்தைக் கொஞ்சம் அசையவிட்டால் கோரை வெளி 40 சதவீதம் கூடும் என்பது கணிப்பு. அந்த அசைவின் செலவு, தென்கரையில் வீடு வைத்திருப்பவர் தலையில் விழும். லாபம் இரு நாட்டு மீனுக்கு, நட்டம் ஒரு கரைக்காரருக்கு. அவரிடம் பதினாறு ஆண்டு பேசுவது அதிகமில்லை.

புதுத் திட்டம் வந்த நான்காம் மாதமே வானம் பிளந்தது. 2017 வசந்தத்தில் விடாத மழை. அணைக்குக் கீழே, மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாரன்ஸில் சேரும் ஒட்டாவா ஆற்றில் பெருவெள்ளம். ஒன்டாரியோவை இறக்க வேண்டுமானால் அந்த நீரும் மாண்ட்ரியல் வழியாகத்தான் போயாக வேண்டும். கணக்கு இப்படி: ஏரியை ஒரு வாரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் இறக்க, வழக்கத்துக்கு மேல் வினாடிக்கு 11,000 கன அடி திறந்துவிட வேண்டும், அது மாண்ட்ரியல் பக்கத்து ஏரியில் 10 சென்டிமீட்டர் போல் ஏறும். மேலே ஒரு விரல், கீழே ஒரு சாணில் பாதி. அங்கே வீடுகள் ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்தன. திறப்பைக் குறைத்தார்கள். ஒன்டாரியோ மே கடைசியில் கடல் மட்டத்துக்கு மேல் 75.88 மீட்டர் தொட்டது, அதுவரை காணாத உயரம். டொரொன்டோ தீவுப் பூங்காவை ஜூலை முடிய மூடிவைத்தார்கள். தென்கரையில் தெருத் தெருவாக மணல் மூட்டை. கீழே வெள்ளம் வடிந்த பிறகு வினாடிக்கு மூன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். சராசரி நாளில் இரண்டரை லட்சம் போகும். 2019-இல் இன்னும் நான்கு சென்டிமீட்டர் மேலே போயிற்று.

'எலிக்கும் மீனுக்கும் நீர் விட்டு எங்களை முக்கிவிட்டார்கள்' என்பது கரையில் பேச்சாக இருந்தது. 2019 அக்டோபரில் நியூயார்க் மாநிலமே ஆணையத்தின்மேல் வழக்குப் போட்டது. பழைய சூத்திரமே இருந்திருந்தாலும் அந்த மழைக்கு மட்டம் பெரிதாக மாறியிருக்காது என்பது நீரைத் திறந்துவிடும் வாரியத்தின் கணக்கு. வந்த நீரின் அளவைப் பார்த்தால் எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் சமையலறையில் கணுக்கால் நீரில் நிற்பவரிடம் கணக்கைக் காட்டிப் பயனில்லை. திட்டம் மறு ஆய்வுக்குப் போயிற்று. அதற்கென்றே இரு நாட்டு வல்லுநர் குழு ஒன்று, திட்டம் வருமுன்பே 2015-இல் அமைந்திருந்தது நல்லதாயிற்று. சூத்திரத்தை எழுதிவிட்டுப் பல பத்தாண்டுகள் திரும்பிப் பார்க்காமல் இருந்த தவற்றை இந்த முறை செய்யவில்லை.

சதுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் ஏற்பாடு உண்டு. 2011 முதல், ஒன்டாரியோ உள்ளிட்ட ஐம்பெரும் ஏரிகளின் இரு நாட்டுக் கரையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சதுப்புகளை ஐந்தாண்டுச் சுற்றில் போய்ப் பார்க்கிறார்கள். ஒரே அளவுப் பொறிவலை, ஒரே முறை. மாலையில் வலையைக் கட்டிவிட்டு மறுநாள் காலை எடுப்பார்கள். தவளைகளைக் கணக்கெடுக்க வலை வேண்டாம். இருட்டியபின் கரையில் நின்று காதால் எண்ணுவார்கள். எந்த வகை, தனியாகக் கத்துகிறதா, கூட்டமாகவா என்று குறித்துக்கொள்வது. கனடாவில் ஒருவர் கேட்டுக் குறித்ததையும் அமெரிக்காவில் ஒருவர் கேட்டுக் குறித்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்ற நிலை, பார்க்கச் சின்ன விஷயம். பொது அணையைக் கட்டுவதைவிட இது கடினம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

புல்வெளி திரும்ப, இனி ஏரி ஒருமுறை நன்றாக இறங்க வேண்டும். உயர்ந்த நீர் பாதி வேலையைத்தான் செய்யும், களையெடுக்கும். விதைப்புக்கு வறண்ட ஆண்டுகள் வர வேண்டும். அவை வரும்போது கப்பல்காரர்கள் ஆணையத்தின் கதவைத் தட்டுவார்கள். விதைகள் மண்ணுக்குள் காத்திருக்கின்றன. எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு.

ஏப்ரலில் ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்துக்கான கன அடி எண் அணைக்குப் போகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பதினாறு, இந்தப் பக்கம் பதினாறு டர்பைன்கள் அதற்கேற்பச் சுழல்கின்றன. மேலே பிரெஞ்ச் க்ரீக்கில், பொக்லைன் வெட்டிய குட்டையின் ஓரத்தில், போன ஆண்டின் கோரைத் தண்டில் தலையை ஒட்டிக்கொண்டு ஒரு கண்ணாடி ஊசி தொங்குகிறது. வாய் திறக்க அதற்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது.